இருபத்தேழு நாளும் இருபத்தொன்பதரை நாளும்

துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வருக்கும்,

நான் விருப்ப ஓய்வு பெற்றுக் கிளம்பிய அன்று, "அயனி மண்டலத் தரவுல வேலை செய்ய என்னென்ன படிக்கணும், ஒரு லிஸ்ட் குடுங்க மேடம்" என்று கேட்டீர்கள். புத்தகப் பட்டியலைத் தட்டச்சு செய்து அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். எந்தச் சோதனையை எப்போது போடுவது, எந்தக் கட்டளையில் என்ன வரும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பட்டியலில் சேர்க்க முடியாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். இருபத்தாறு வருடம் புள்ளியியல் கற்பித்தேன்; அதில் கடைசி ஒன்பது வருடம் இயற்பியல் துறையின் தரவுகளையும் பார்த்தேன். அந்த ஒன்பது வருடத்தில் நான் செய்த பெரிய தவறு இது. நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் கோகிலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆட்டையாம்பட்டிக்கு வெளியே காடு, அதாவது விளைநிலம், வைத்திருக்கும் குடும்பம். இயற்பியல் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். சூரியனின் செயல்பாடு அயனி மண்டலத்தை எப்படி மாற்றுகிறது என்பது அவள் தலைப்பு. தெற்கே வெகுதொலைவில் ஓர் அலைபரப்பி மிகத் தாழ்ந்த அலைவரிசையில் ஓயாமல் ஒலிக்கிறது. அந்த அலை, நம் தலைக்கு மேல் அறுபது எழுபது கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கும் அயனி மண்டலத்தின் அடியில் பட்டுத் திரும்பி வருகிறது. சூரியனில் சுடர் வெடித்தால் அந்த அடித்தளம் மாறும். நமக்கு வந்து சேரும் அலையின் வலிமையும் மாறும். மரச் சட்டத்தில் செம்புக் கம்பி சுற்றிய ஆன்டெனா, ஒரு ரிசீவர், ஒரு கணினி. இவ்வளவுதான் கருவி.

சேலம் நகரத்தின் மின் இரைச்சலுக்குத் தப்பிக்க வேண்டும் என்று, இளம்பிள்ளையில் கல்லூரிக்கு இருந்த பழைய பயிற்சிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆன்டெனாவை நிறுத்தியிருந்தோம். பதிவுகள் இணையம் வழியாகச் சேலத்துக்கு வந்துவிடும். எட்டு மாதத்தில் நான் அங்கே நேரில் போனது நான்கு முறை.

எட்டு மாதம் முடிந்ததும் கோகிலா ஒரு வரைபடம் கொண்டுவந்தாள். ஏற்ற இறக்கம் எத்தனை நாளுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று காட்டும் படம். ஒரே ஒரு மேடு, அகலமான மேடு, அதன் உச்சி இருபத்தொன்பதுக்கு அருகில்.

சூரியன் தன்னைத்தானே சுற்றிக்கொள்ள, பூமியிலிருந்து பார்க்கும்போது ஏறத்தாழ இருபத்தேழு நாள் ஆகிறது. புள்ளிகள் நிறைந்த முகம் அத்தனை நாளுக்கு ஒருமுறை நம் பக்கம் திரும்பும். ஆகவே இருபத்தேழு நாள் சுழற்சி தரவில் தெரிந்தால், அது சூரியனின் வேலை என்று சொல்லலாம். அதைத்தான் அவள் ஐந்து வருடமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"இருவத்தேழுக்கு வரணும் மேடம். இருவத்தொம்போதுக்கிட்ட நிக்குது," என்றாள்.

அன்றைய என் குறிப்பு: 'பதிவு எட்டு மாதமே. மேடு அகலம். 27 எனக் கொள்ளலாம்.'

புள்ளியியல்படி நான் சொன்னதில் பிழை இல்லை. எட்டு மாதப் பதிவில் இருபத்தேழையும் இருபத்தொன்பதையும் பிரித்துப் பார்க்க முடியாது. அதற்குக் குறைந்தது பதின்மூன்று மாதமாவது வேண்டும். ஆனால் பிரித்துப் பார்க்க முடியாது என்பதற்கு, இரண்டில் எதுவாகவும் இருக்கலாம் என்றுதான் பொருள். நமக்குப் பிடித்தது எதுவோ அதுவே என்று பொருள் இல்லை. பேருந்துச் சில்லறையைக்கூடச் சரிபார்த்துப் பையில் போடுகிற நான், ஒரு பெண்ணின் ஐந்து வருட உழைப்பில் இரண்டு நாளை எதிர்பார்ப்பின் பக்கம் தள்ளிவிட்டேன்.

அதற்கு முன்பே இரண்டு தவறுகள் நடந்திருந்தன. தினசரி அளவுகள் குதித்துக்கொண்டிருந்ததால், ஐந்து நாள் நகரும் சராசரி எடுத்து, குதிப்பு தெரியாதபடி கோட்டை மெழுகச் சொன்னவள் நான். ஆடி மாதத்தில் மூன்று நாள் அளவு தொடர்ந்து சரிந்து கிடந்தது. கோகிலா 'ரிசீவர் கோளாறு?' என்று குறித்து அந்த மூன்று நாளையும் நீக்கினாள். கேள்விக்குறியோடு வந்த தாளில் கேள்வியே கேட்காமல் நான் கையொப்பமிட்டேன்.

ஆய்வேட்டின் நான்காம் அதிகாரம் அந்த இருபத்தேழின் மேல் எழுதப்பட்டது. மற்ற அதிகாரங்கள் அதைச் சுற்றி நின்றன. சமர்ப்பிக்க இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, மூன்றாவது கிடையாது. அந்த மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகும். நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் அவளுக்கு வேலை சொல்லி வைத்திருந்தார்கள். பட்டம் கிடைத்தால் அந்த வேலை. ரத்தானால் ஐந்து வருடமும் போய், மீண்டும் முதலிலிருந்து.

கடைசித் தேதிக்கு இருபத்திரண்டு நாள் இருந்தபோது, பின்னிணைப்புக்காக மெழுகாத தரவை ஒருமுறை வரைந்து பார்த்தேன். பின்னிணைப்பை யாரும் படிப்பதில்லை. ஆனாலும் அதில் மூலத் தரவு இருக்க வேண்டும் என்பது என் வழக்கம்.

மெழுகிய படத்தில் மெல்ல இறங்கி மெல்ல ஏறிய அலைகள் இதில் இல்லை. எட்டு மாதத்தில் எட்டுப் பள்ளங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் சரியாக ஒரே ஒரு நாள். முந்தைய நாள் சாதாரணம், மறுநாள் சாதாரணம், நடுவில் ஒரு நாள் மட்டும் கிணறு வெட்டியதுபோல் செங்குத்தாக இறங்கியிருந்தது. ஐந்து நாள் சராசரி அந்தக் கிணறுகளின் கரையைச் சரித்து, அலைபோல் ஆக்கிக் காட்டியிருந்தது.

எட்டுத் தேதிகளையும் தாளில் எழுதிக் கோகிலாவைக் கூப்பிட்டேன். அவள் தாளைப் பார்த்தாள், எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரின் பின்பக்கத்தைப் பார்த்தாள், திரும்பி வந்தாள்.

"மேடம், எட்டும் அமாவாசைங்க."

அமாவாசைக்கு அமாவாசை இருபத்தொன்பதரை நாள். மேட்டின் உச்சி ஏன் இருபத்தொன்பதுக்கு அருகில் நின்றது என்பது விளங்கியது. சூரியன் கைவிட்டுப் போனது. ஆனால் கோகிலாவின் முகம் வாடவில்லை. நிலவின் ஈர்ப்பு காற்று மண்டலத்தில் மெல்லிய ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும், அது அயனி மண்டலம் வரை போகும் என்பது தெரிந்த அறிவியல்தான். அதை இவ்வளவு எளிய கருவியில், இவ்வளவு தெளிவாகப் பார்த்தவர்கள் குறைவு.

அவளுடைய நெறியாளரிடம் போனோம். நல்ல ஆசிரியர், மாணவர்களுக்காக ஓடுபவர். தேதிகளைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"நிலாவா? அப்ப தலைப்பு மாறுது. சூரியனும் சந்திரனும்னு போட்டுடலாம். கோகிலா, உனக்கு யோகம்தான் போ."

"ஒரே ஒரு நாள்தான் இறங்குது சார்," என்றேன். "நிலா ஒரே நாள்ல சுவிட்சு போட்ட மாதிரி மாறாது. முன்னாடி ரெண்டு நாள், பின்னாடி ரெண்டு நாள் கொஞ்சமாவது தெரியணும்."

"இருபத்தோரு நாள் இருக்கு. இப்ப சுவிட்சைப் பத்தி யோசிச்சா எப்பங்க எழுதுறது?"

"அடுத்த அமாவாசை வர்ற வியாழக்கிழமை. அங்கயே போய் நின்னு பாத்துடறோம்."

"நிலாவைப் பாக்க இளம்பிள்ளைக்குத்தான் போகணுமா? அதுவும் அமாவாசையன்னைக்கு," என்று சிரித்தார். ஆனால் போக வேண்டாம் என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மொட்டை மாடியில் இருந்தோம். கோகிலா ஆன்டெனாவின் இணைப்புகளைப் பார்த்தாள். நான் மடிக்கணினியில் அளவைப் பார்த்தேன். அளவு கீழே கிடந்தது. ஒன்பதாவது பள்ளம் எங்கள் கண்முன் இருந்தது. கருவியில் கோளாறு இல்லை, கம்பி அறுபடவில்லை, வானம் தெளிவாக இருந்தது.

"எல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க மேடம்," என்றாள் கோகிலா, மாடியின் அந்தக் கோடியிலிருந்து, சாதாரணக் குரலில்.

"சரி, அப்ப இன்னொரு தடவை..." என்று தொடங்கி நிறுத்தினேன். அவள் சொன்னது எனக்குக் கேட்டிருந்தது. இதற்கு முன் நான்கு முறை அந்த மாடிக்கு வந்தபோதும், ஆளுக்கொரு மூலையில் நின்று தொண்டை கிழியக் கத்தித்தான் பேசியிருக்கிறோம். சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஏழு தறிக்கூடங்கள். விசைத்தறிகளின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது.

கோகிலாவும் நின்றுவிட்டாள். இருவரும் சுவரைப் பார்த்தோம்.

"இன்னிக்குத் தறி ஓடலீங்க மேடம்."

"அமாவாசை," என்றேன்.

சேலத்துப் பக்கம் அமாவாசை அன்று தறி ஓட்டுவதில்லை. நான் நெசவாளர்கள் நிறைந்த அம்மாபேட்டையில் வளர்ந்தவள். அமாவாசைக்குத் தெரு அமைதியாக இருக்கும் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கோகிலாவின் ஊரிலும் தறிகள் உண்டு. தினமும் மூன்று வேளை சாப்பிடுகிறோம் என்பதை ஆய்வில் எழுத மாட்டோம் அல்லவா, அதுபோல் இதுவும் எங்கள் இருவர் கண்ணிலும் படாமல் இருந்துவிட்டது. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் இந்த வேலையைச் செய்திருந்தால் முதல் மாதமே, "இன்னைக்கு ஏன் சத்தமே இல்லை?" என்று கேட்டிருப்பார்.

அந்தத் தெருவில் வார விடுமுறை கிடையாது. ஆட்கள் மாறி மாறி லீவு எடுப்பார்கள். ஏதோ ஒரு தறி ஓடிக்கொண்டே இருக்கும். மாதாந்திர மின்தடை நாட்களில் எங்கள் ரிசீவரும் சேர்ந்து நின்றுவிடுவதால் அந்த நாட்கள் தரவிலேயே இல்லை. எல்லாக் கூடமும் ஒருசேர நின்று எங்கள் கருவி மட்டும் ஓடுவது, மாதாமாதம் அமாவாசைக்கு மட்டும்தான். ஆடியில் நீக்கிய அந்த மூன்று நாட்களின் தேதியைக் கோகிலா கைப்பேசியில் தேடினாள்.

"மாரியம்மன் பண்டிகைங்க," என்றாள்.

இருந்தாலும் யூகத்தை யூகம் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே இறங்கிப் போய் முதல் தறிக்கூடத்தின் உரிமையாளரைப் பார்த்தோம். மாதையன் என்று பெயர். அறுபதை ஒட்டிய வயது. வாசலில் கட்டில் போட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க டீச்சரு, மேல ஏதோ கம்பி சுத்தி வெச்சிருக்கீங்களே, அது என்ன டிவியுங்களா?"

விளக்கினேன். சூரியன், வானத்தின் அடுக்கு, அலை. பொறுமையாகக் கேட்டார்.

"செரி. அதுக்கும் என்ற தறிக்கும் என்னங்க சம்பந்தம்?"

"தறி ஓடுறப்ப எங்க கருவியில சத்தம் ஏறுதோன்னு சந்தேகம். இப்ப ஒரு பத்து நிமிஷம் தறிய ஓட்டிக் காட்டினீங்கன்னா தெரிஞ்சிடும்."

கால்களை மடக்கிக்கொண்டார். "இன்னைக்குங்களா? அமாவாசையன்னைக்கு எங்கப்பன் காலத்துல இருந்து தறிய நாங்க தொடறதில்லீங்க. அதை மட்டும் கேக்காதீங்க."

"சரிங்கய்யா. அப்ப வேற நாள்ல பத்து நிமிஷம் நிறுத்த முடியுமா? ஏழு கூடமும் ஒரே நேரத்துல?"

"சூரியனப் பாக்கறதுக்குத் தறிய நிறுத்தோணுமா?" என்று தெருப் பக்கம் பார்த்துச் சிரித்தார். "இத நான் மத்த ஆறு பேருகிட்டச் சொன்னா, எனக்குத்தான் வெயிலு தலைக்கேறிப்போச்சும்பானுங்க." பிறகு கோகிலாவைப் பார்த்தார். "ஏன் கண்ணு, மூஞ்சி இப்பிடிக் கெடக்குது? இது உன்ற படிப்புங்களா?"

"ஆமாங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள குடுக்கோணுமுங்க. இல்லீன்னா எல்லாம் போச்சுங்க."

அவர் கட்டிலை விட்டு இறங்கினார். "வெள்ளிக்கெழம எப்பிடியும் தறிக்கு எண்ண போடுவோம். அவனவன் அவனவனுக்குத் தோணின நேரத்துல போடுவான். பதினோரு மணிக்கு எல்லாரும் சேந்து போடுங்கடான்னு சொல்லிப் பாக்கறேன். போதுமுங்களா?"

மறுநாளே வெள்ளிக்கிழமை. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நான் கணினி முன் இருந்தேன். கோகிலா மாதையனின் கூடத்தில், கைப்பேசியோடு நின்றாள். பதினொன்றுக்கு ஒவ்வொரு கூடமாகச் சத்தம் அடங்கியது. ஏழாவதும் நின்றபோது நேரம் பதினொன்று நான்கு.

அளவு இறங்கவில்லை. கோடு லேசாக அசைந்து அப்படியே நின்றது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. தறி இல்லை என்றால் நிலா மிஞ்சுகிறது. நிலா என்றால் ஆய்வேடு பிழைக்கிறது. என் கையொப்பமும் பிழைக்கிறது. "இறங்கலை கோகிலா, தறி இல்லைபோல இருக்கு," என்று கைப்பேசியில் சொன்னேன். அவள் அதை மாதையனிடம் சொல்வது எனக்குக் கேட்டது.

"எறங்கலீங்களா? மோட்டாரு எல்லாம் நின்னுபோச்சே," என்றார் அவர். பிறகு, "இரு சாமி. பொட்டி ஓடிட்டுத்தான இருக்குது?"

பெட்டி என்று அவர் சொன்னது, சேலையின் பூ வேலையை இயக்கும் மின்னணு ஜக்கார்டு. தறியின் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கும். எண்ணெய் போடும்போது மோட்டாரை நிறுத்துவார்களே தவிர ஜக்கார்டை அணைக்க மாட்டார்கள். டிசைன் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்பதற்காக. அமாவாசைக்கு மெயின் சுவிட்சையே இறக்கிவிடுவார்கள்.

"டிசைனு போனாப் போகுது, மறுக்கா வெச்சுக்கலாம். டேய், எல்லாருத்துக்கும் சொல்லு, மெயின எறக்கச் சொல்லு," என்று அவர் கத்தியது கைப்பேசி இல்லாமலே எனக்குக் கேட்டிருக்கும்.

பதினொன்று ஒன்பதுக்குக் கோடு ஒரு படி இறங்கியது. பிறகு இன்னொரு படி. ஏழு படி இறங்கி, அமாவாசை அன்று கிடந்த அதே இடத்துக்கு வந்து நின்றது. பதினொன்று இருபதுக்கு மெயினைப் போட்டார்கள். படிப்படியாக ஏறிப் பழைய இடத்துக்குப் போனது.

வெளியே வந்தபோது மாதையன் வாசலில் நின்றார். "என்னங்க டீச்சரு, சூரியன் நின்னுதுங்களா?"

"நின்னுதுங்க," என்றேன். எனக்குச் சிரிக்க வரவில்லை. கோகிலா சிரித்தாள்; கண்ணில் நீர் இருந்தது. பதினேழு நாள் மிச்சம்.

பேருந்தில் திரும்பும்போது அவளுக்கு ஒரு வழி சொன்னேன். இதை உங்களிடம் மறைக்கக் கூடாது. "இருபத்தேழுன்னும் எழுத வேண்டாம், நிலான்னும் எழுத வேண்டாம். 'ஏறத்தாழ ஒரு மாதச் சுழற்சி காணப்படுகிறது, காரணம் மேலும் ஆராயப்பட வேண்டும்'னு போட்டுடு. அதுல பொய் இல்லை. பட்டம் வந்ததுக்கு அப்புறம் தனிக் கட்டுரையா எழுதிக்கலாம்."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினாள்.

"காரணம் நமக்குத் தெரியுங்களே மேடம்," என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டு 'ஆராயப்பட வேண்டும்'னு எழுதினா, நாளைக்கு யாராச்சும் ஒருத்தர் நெஜமாவே உக்காந்து ஆராய்வாங்க. எத்தனை வருசம் போகுமோ அவங்களுக்கு."

வருடக்கணக்கில் வகுப்பில் பிழையின் வகைகளைப் பாடமாக நடத்தியவளுக்கு, எழுத்தளவில் உண்மையாக இருந்துகொண்டே அடுத்தவரை அலைய விடுகிற இந்த வகை அன்றுவரை தோன்றியதில்லை.

ஆட்டையாம்பட்டி பிரிவு வருவதற்குள் அவளே வேறொன்றையும் சொன்னாள். "மேடம், மென்பொருள் ரெண்டு அலைவரிசைய எழுதுதுங்க. ஒண்ணு நம்ம அலைபரப்பி. இன்னொண்ணு பக்கத்துல, யாரும் ஒலிபரப்பாத இடம். தானா சேமிக்குது. நாம அத ஒரு நாளும் தொறந்து பாக்கலீங்க."

யாரும் ஒலிபரப்பாத அலைவரிசையில் விழுவதெல்லாம் இரைச்சல்தான். அலைபரப்பியின் அளவிலிருந்து அந்த இரைச்சலைக் கழித்தால் தறிகள் போய்விடும். எட்டு மாதக் கோப்புகளும் கணினியில் பத்திரமாக இருந்தன. இடம் போதவில்லை என்று அவற்றை அழிக்கச் சொல்ல ஒருமுறை நினைத்தது என் நாட்குறிப்பில் இருக்கிறது, சொல்ல மறந்திருக்கிறேன். என் மறதியால் நடந்த ஒரே நல்ல காரியம்.

அடுத்த பன்னிரண்டு நாளும் கோகிலா துறையிலேயே இருந்தாள். இரைச்சலைக் கழித்தாள். ஆடியின் மூன்று நாளைத் திரும்பச் சேர்த்தாள். மெழுகாமல் வரைந்தாள். அமாவாசைப் பள்ளங்கள் மறைந்தன. சூரியச் சுடர்கள் ஒவ்வொன்றும், சட்டென ஏறி மெல்ல இறங்கும் அதன் தனி வடிவத்தோடு, முன்பைவிடத் துலக்கமாகத் தெரிந்தன. மூன்றாம் அதிகாரம் அதனால் வலுப்பெற்றது. ஆனால் இருபத்தேழு நாளில் சிறு புடைப்பு மட்டுமே இருந்தது. அது உண்மையா தற்செயலா என்று அந்த எட்டு மாதத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. சோதனையை மூன்று விதமாகச் செய்து பார்த்தோம். மூன்றும் ஒன்றையே சொன்னன.

நெறியாளர் புதிய நான்காம் அதிகாரத்தைக் கையில் எடைபார்ப்பதுபோல் வைத்திருந்தார்.

"தேடினது கிடைக்கலைன்னு ஒரு அதிகாரம். இதுக்கு நான் கையெழுத்துப் போடணும்."

"தேடின எடத்துல வேற என்ன இருந்துதுன்னு ஒரு அதிகாரமுங்க சார்," என்றாள் கோகிலா.

"வெளியிலேர்ந்து வர்ற பரிசோதகர் ரொம்பக் கறார். அவர் இளம்பிள்ளைக்குப் போய்ப் பாக்கப் போறதில்லை. பழையபடியே குடுத்தா அவருக்குத் தெரியவா போகுது?"

"தெரியாதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பழைய அதிகாரத்தில் என் கையொப்பம் இருந்தது. "சார், நான்தான் இருபத்தேழுன்னு சொன்னேன். அது தப்பு. முன்னுரையில அதை எழுதச் சொல்லியிருக்கேன்," என்றேன். அதிகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் காலை கையொப்பத்தோடு திரும்பி வந்தது. ஓரத்தில் இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தியிருந்தார், முழுவதும் படித்திருக்கிறார். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாக ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போனது.

வாய்மொழித் தேர்வு ஐந்து மாதம் கழித்து நடந்தது. கருத்தரங்க அறையில் முப்பது பேர் இருந்தோம். கடைசி வரிசையில் மாதையன், இஸ்திரி போட்ட வேட்டியில். கோகிலா அழைத்திருந்தாள். நன்றியுரைப் பக்கத்தில் ஏழு தறிக்கூடங்களின் பெயர்களும் இருந்தன.

பரிசோதகர் முதல் மூன்று அதிகாரங்களைப் பத்து நிமிடத்தில் கடந்தார். நான்காவதில் நின்றார்.

"இந்த அதிகாரத்துக்கு முடிவே இல்லையேம்மா. இருபத்தேழு நாள் சுழற்சி இருக்கா, இல்லையா?"

"இந்த எட்டு மாசத்த வெச்சுச் சொல்ல முடியாதுங்க சார்."

அவர் பக்கத்தைத் திருப்பினார். "அப்ப எதை வெச்சுச் சொல்லலாம்?"

"அதுக்குக் கணக்குப் போட்டிருக்கேனுங்க, கடைசிப் பக்கத்துல. தறி இல்லாத எடத்துல, தொடர்ச்சியா ரெண்டு வருசமாவது எடுக்கோணும். அப்பத்தான் சூரியன் வேற நிலா வேறன்னு பிரியும்."

"ரெண்டு வருஷம்." கண்ணாடியைக் கழற்றினார். "பட்டம் வாங்கினதுக்கு அப்புறம் யாரும்மா ரெண்டு வருஷம் உக்காந்து எடுக்கப் போறா?"

"நானுங்க சார். போன ஞாயித்துக்கெழமையே ஆன்டெனாவ எங்க காட்டுல கொண்டுபோய் நட்டுட்டேன். பதிவு ஓடிட்டு இருக்குதுங்க."

"காட்டுல கிணத்து மோட்டார் இருக்குமே? அதுவும் இரைச்சல்தானே?"

"அது மானாவாரிக் காடுங்க. கெணறும் இல்ல, போரும் இல்ல. கரண்டுக் கம்பியே அந்தப் பக்கம் வரலீங்க. அதுக்குத்தான் அந்தக் காடு."

"கரண்டு இல்லாம ரிசீவர் எப்படி ஓடுது?"

"சோலாருங்க சார்."

கடைசி வரிசையிலிருந்து மாதையன் சத்தமாகச் சிரித்துவிட்டார். பரிசோதகர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார், பிறகு கோகிலாவைப் பார்த்தார். ஆய்வேட்டை மூடி ஒரு பக்கம் வைத்துவிட்டு, அறிக்கைப் படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.